கூப்பிட்டால் வராத வெள்ளைக் குட்டி

ராஜபாளையம் நாய்க்கு விலை பேச வருகிறவர் முதலில் பார்ப்பது மூக்கை. கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாமல் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். அடுத்து குட்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்ப்பார். காது மடலிலோ வாலடியிலோ பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு திட்டு தெரிந்தால் விலை இறங்கிவிடும். கால் எலும்பின் கனம், நெஞ்சின் ஆழம், வயிறு ஒட்டியிருக்கும் வாகு எல்லாம் கவனிக்கப்படும். காது மடங்கித் தொங்குகிறதா என்பதும் கணக்கில் வரும். அந்தக் காது கேட்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு.

வீட்டுக்குக் கொண்டுபோன சில நாளில் பேச்சு தொடங்கும். “அண்ணாச்சி, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது.” “குட்டிதான தம்பி, வெளையாட்டுப் புத்தி. பழகப் பழகச் சரியாப் போகும்.” விற்றவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல நேரம் அவருக்கும் தெரியாது. அது ஏன் தெரியாமல் போகிறது, ஏன் இந்த இனத்தில் அடிக்கடி நடக்கிறது, அப்படி ஒரு குட்டி கைக்கு வந்துவிட்டால் அதை எப்படி வளர்ப்பது என்பதை நிதானமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்றில் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். இன்னொன்றில் நூற்பாலைகள், மாம்பழம், நாய். மலைக்கும் ஊருக்கும் நடுவே மாந்தோப்பும் தென்னந்தோப்புமாகக் கிடக்கிறது. பன்றி வேட்டைக்கும் தோப்புக் காவலுக்கும் இந்த நாயை வைத்திருந்தார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமாகிவிட்டது. அடிவாரக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. வேலை போனாலும் நாய்க்கு மவுசு போகவில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இருந்தது. மற்ற நாட்டு நாயினங்களான சிப்பிப்பாறையையும் கன்னியையும் கோம்பையையும் அடையாளம் காண நாய் தெரிந்தவர் வேண்டும். ராஜபாளையத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள், அந்த வெள்ளையால்.

இந்த வெள்ளை தானாக நிலைத்ததல்ல. ராஜபாளையத்துக்கு நிறக்குட்டியே பிறக்காது என்று நினைப்பது தவறு. திட்டுள்ளதும், பழுப்பும், கறுப்பும் பிறக்கும். முன்பெல்லாம் ஓர் ஈற்றில் அப்படிப் பிறந்தவற்றைக் கழித்துவிட்டு வெள்ளையை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்திருக்கிறது. கழிப்பது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, இருப்பதும் ஒரு சில வீட்டு நாய்களே என்பதால் உறவுக்குள்ளேயே இணைசேர்த்து, பால் வெள்ளை நிலைநிறுத்தப்பட்டது. அதனுடன் கூடவே வந்ததுதான் செவிடு.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சார்ல்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினத் தோற்றம் பற்றிய நூலிலேயே, நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. இன்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பவை நிறமணுக்கள். கரு உருவாகும் காலத்தில் இவை தோலில் பிறப்பதில்லை. முதுகுத்தண்டு அமையப்போகும் இடத்தை ஒட்டிப் பிறந்து, அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. முதுகுக்கு அருகில் உள்ள இடங்களை முதலில் அடையும். பாத நுனி, நெஞ்சு, வயிறு, வால் நுனி, மூக்கு நுனி போன்ற தூர இடங்களுக்குக் கடைசியில்தான் போய்ச்சேரும். வழியில் தொகை குறைந்தால் தூர இடங்கள் வெளுத்துப்போகும். நம் தெருவில் திரியும் செவலை நாய்க்கு நெஞ்சிலும் பாதத்திலும் வாலின் முனையிலும் மட்டும் வெள்ளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிறமணுக்கள் எட்டாமல் விட்ட இடங்கள் அவை. ராஜபாளையத்தில் இந்தக் குறைவு உச்சத்துக்குப் போய்விட்டது. உடம்பில் பெரும்பாலான இடங்களுக்கு அவை வந்து சேரவே இல்லை. மூக்கு ரோஜா நிறமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கறுப்புப் பூச்சு இல்லாததால் உள்ளிருக்கும் இரத்தத்தின் நிறம் வெளியே தெரிகிறது.

நிறமணுக்கள் போய்ச்சேர வேண்டிய இடங்களில் ஒன்று உட்காது. அங்கே நிறத்துக்கு என்ன வேலை? நிறத்துக்கு வேலை இல்லை, அணுவுக்கு இருக்கிறது. உட்காதில் நத்தை வடிவச் சுருளுக்குள் ஒரு திரவம் நிற்கிறது. அதில் பொட்டாசியம் அதிகம்; அதனால் ஒரு மின்னழுத்தமும் உண்டு. ஒலி வந்து தட்டும்போது அங்குள்ள நுண்மயிர் அணுக்கள் அந்த மின்னழுத்தத்தின் பலத்தில்தான் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. திரவத்தை அப்படியே காத்து வைப்பது சுருளின் சுவரில் இருக்கும், இரத்தக்குழாய் நிறைந்த ஒரு மெல்லிய பட்டை. அந்தப் பட்டை உயிரோடு இருக்க நிறமணுக்கள் அதற்குள் இருந்தாக வேண்டும். அவை வராவிட்டால், குட்டி பிறந்த முதல் சில வாரங்களுக்குள் பட்டை சுருங்கிவிடுகிறது. திரவம் கெடுகிறது, நுண்மயிர் அணுக்கள் சாகின்றன. பாலூட்டி இனங்களில் அவை மறுபடி முளைப்பதில்லை.

வெள்ளை முயல் வளர்த்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். பொட்டு நிறமில்லாத, செக்கச் சிவந்த கண்ணுள்ள முயல்கூட இலை சரசரத்தால் காதை நிமிர்த்துகிறதே? அதன் வெள்ளை வேறு வகை. அந்த முயலில் நிறமணுக்கள் எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்திருக்கின்றன, காதுக்குள்ளும்தான். நிறம் தயாரிக்கும் நொதி மட்டும் அவற்றிடம் இல்லை. அதனால் கண் சிவந்து, வெளிச்சம் கூசும், செவி பழுதில்லை. ராஜபாளையத்தில் அணுவே வரவில்லை. அதன் கண் சிவக்காமல் தேன் நிறத்திலோ பழுப்பிலோ இருப்பதற்குக் காரணம், விழித்திரையின் பின்னால் உள்ள நிறம் இந்தப் பயணக் கூட்டத்தைச் சேர்ந்தது அல்ல, கண் உருவாகும்போது அங்கேயே தோன்றுவது. கருவிழியின் நிறம் மட்டும் பயணக் கூட்டத்தால் வருகிறது. அதுவும் வராமல் போனால் கண் நீலமாகத் தெரியும். நீலக்கண் குட்டிகளில் செவிடு கூடுதலாக இருப்பது டால்மேஷன்களில் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. மனிதரிலும் இதற்குச் சமமான நிலை உண்டு. நெற்றி மயிரில் பிறவி வெள்ளை, நீலக்கண், கேளாமை மூன்றும் சேர்ந்து வரும் அதை வார்டன்பர்க் நோய்க்குறி என்கிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொட்டு மருந்து, சத்து ஊசி என்று டாக்டர் மாற்றி டாக்டர் அலைகிறவர்களும் உண்டு. பிறவியில் வந்த இந்தச் செவிட்டுக்கு மருந்து கிடையாது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய் இடையில் கேளாமல் போனால் கதை வேறு: அழுக்கு அடைப்பு, சீழ், உண்ணி என்று பார்க்க நிறைய இருக்கிறது, சரியாகவும் கூடும்.

டால்மேஷன் என்று சொன்னேன். வெள்ளையில் புள்ளி போட்ட அந்த இனத்தில்தான் இந்தச் செவிடு நிறைய ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்துத் தொகுத்த கணக்கில், நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்க்கு இரண்டு காதும் கேட்கவில்லை. ஏறத்தாழ 22 நாய்க்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. இந்த எண்களை அப்படியே ராஜபாளையத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கின் உள்விகிதம் யோசிக்க வைக்கிறது. முழுச் செவிடு ஒன்று என்றால், ஒற்றைக் காது நாய்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒற்றைக் காது நாய் கூப்பிட்டால் வரும், கதவு தட்டினால் குரைக்கும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் மட்டும் தடுமாறும். வளர்ப்பவருக்குக் கடைசிவரை தெரியாமலே அது ஈன்று பெருகும்.

முழுச் செவிட்டுக் குட்டிகூட முதல் மாதத்தில் அகப்படாது. நாய்க்குட்டிக்குப் பிறந்த இரண்டாவது வாரவாக்கில்தான் செவித்துளை திறக்கும். அதன்பின் நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கொட்டகையில் பால்சோற்றுத் தட்டை வைக்கும் சத்தம் கேட்டதும் ஐந்து குட்டி விழுந்தடித்து எழும். ஆறாவது கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கும். அதன் வயிற்றில் ஒன்று மிதித்துக்கொண்டு ஓடும். உடனே இதுவும் எழுந்து பின்னாலேயே ஓடிப்போய்த் தட்டில் வாய் வைத்துவிடும். கூட்டத்தில் இருக்கும்வரை கூடப்பிறந்தவைதான் அதற்குக் காது. இன்னொரு குறியும் உண்டு. விளையாட்டில் கடி வலுத்தால் கடிபட்ட குட்டி வீலென்று கத்தும், கடித்தது விட்டுவிடும். இது விடாது, கத்தல் அதற்குக் கேட்பதில்லை. முரட்டுக் குட்டி, நல்ல காவல் நாயாகும் என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிறந்து ஐந்து வாரம் கடந்தால் உட்காதில் கெடுவதெல்லாம் கெட்டு முடிந்திருக்கும். கைக்குழந்தைகளுக்குக் காது பார்க்க ‘பெரா’ டெஸ்ட் எடுப்பார்களே, தலையில் கம்பி ஒட்டி, காதில் டக் டக் என்று ஒலி கொடுத்து, மூளைக்குப் போகும் மின் அலையைத் திரையில் பார்ப்பது. நாய்க்கும் உறுதியான சோதனை அதுதான். ஒவ்வொரு காதையும் தனியே சொல்லிவிடும். நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. வீட்டுச் சோதனை முழுச் செவிட்டைக் கண்டுபிடிக்கப் போதும். குட்டியைத் தனியறையில் தூங்க விட வேண்டும். உங்கள் வாசனை எட்டாதபடி, ஃபேனை நிறுத்திவிட்டு, பின்பக்கம் நிற்க வேண்டும். காகிதப் பையைக் கசக்குங்கள், சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். கை தட்டினால் காற்று அடிக்கும், தரையில் மிதித்தால் அதிர்வு போகும், இரண்டும் கூடாது. கேட்கிற குட்டிக்குத் தூக்கத்திலும் காது மடல் துடிக்கும். ஒருதரம் அசையவில்லை என்று முடிவு கட்டிவிடாமல் வேறு வேறு நேரத்தில் பார்க்க வேண்டும். ஆலைச் சங்கு ஊதும் தெருவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். ஊர் நாயெல்லாம் அண்ணாந்து ஊளையிடும்போது ஒன்று மட்டும் தன் வாலைக் கடித்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும்.

சரி, அப்படி ஒரு குட்டி இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், எல்லோரும் அல்ல. இரக்கப்பட்டுத் தூக்கிவருவது சுலபம். வளர்ந்தால் தோள்பட்டை உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை போகும் வேட்டை நாய் இது. சுற்றுச்சுவரும் சாத்துகிற கேட்டும் உள்ள வீடு வேண்டும். காலை மாலை ஓட்டம் வேண்டும். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தால் நல்லது. கேட்கிற நாய் ஒன்று ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை குறையும். செவிட்டு நாய் அதன் முகத்தைப் பார்த்தே பாதி உலகத்தைத் தெரிந்துகொள்ளும். என் கணக்கில் இங்கே கேளாமையைவிடப் பெரிய விஷயம் இனத்தின் குணம். ராஜபாளையம் ஒருவரிடமோ இருவரிடமோ ஒட்டிக்கொண்டு மற்றவரை அண்டவிடாத நாய். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம்வரை உள்ள வயதில் நிறைய மனிதரையும் பிள்ளைகளையும் வண்டிகளையும் பார்த்துப் பழகாவிட்டால், காது கேட்கிற ராஜபாளையமே பிற்பாடு தொல்லை கொடுக்கும். கேளாத குட்டிக்கு இந்தப் பழக்கத்தை இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும்.

முதல் பாடம் எழுப்புவது. தூங்குகிற செவிட்டு நாயைத் திடீரென்று தொட்டால் அது திடுக்கிட்டு, யார் என்று பார்க்கும் முன் வாயைத் திறக்கலாம். கோபத்தில் கடிப்பதல்ல அது. நம்மை யாராவது தூக்கத்தில் உலுக்கினால் கை வீசுவோமே, அதுதான். குட்டியாக இருக்கும்போதே பழக்கிவிட்டால் இது போய்விடும். முதலில் மூக்குக்கு முன்னால் கையைக் கொண்டுபோய் வாசனை பிடிக்க விட வேண்டும். பிறகு தினமும் ஒரே இடத்தில், தோள்பட்டையில் என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு விரலால் மெதுவாகத் தொட வேண்டும். கண்ணைத் திறந்த கணத்தில் வாயில் ஒரு துண்டு அவித்த கறியோ முட்டையோ. ஒரு நாளில் பலமுறை, பல வாரம். தோளில் விரல் பட்டால் நல்லது வரும் என்று உடம்பிலேயே பதிந்துவிடும். அதன் படுக்கை நடைபாதையில் இருக்கக் கூடாது. ஒரு மூலையில், முதுகுக்குச் சுவர் இருக்கும்படி போட்டால் யாரும் தெரியாமல் மிதித்துவிட மாட்டார்கள்.

இரண்டாவது, நம்மைப் பார்க்கப் பழக்குவது. கேட்கிற நாயைக் கூப்பிடலாம். இதைக் கூப்பிட வழியில்லை, அதுவாகத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. எனவே தற்செயலாகத் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். கட்டைவிரல் என்றால் ‘சபாஷ்’. சில வாரத்தில் நாய் பத்தடி போவதும் திரும்பிப் பார்ப்பதுமாக நடக்கத் தொடங்கும். அதன் பிறகு மற்றச் சைகைகள் கடினமில்லை. கையை முழுதாக வீசி நெஞ்சுக்கு இழுத்தால் வா. உள்ளங்கையைத் தரைநோக்கித் தாழ்த்தினால் உட்கார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சோறு. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை, ஒரே வாரத்தில் அதுவாகப் பிடித்துக்கொள்ளும். தாத்தாவுக்கு ஒரு சைகை, பேரனுக்கு ஒரு சைகை என்று வைத்துக்கொண்டால் நாய்தான் குழம்பும். முகபாவமும் சைகைதான். உதட்டைக் கடித்துக்கொண்டு ‘வா’ என்று கைகாட்டினால் அது வராது. அப்படிப் பார்த்தால் காது கேட்கிற நாய்க்கும் நம் வார்த்தையைவிடக் கையும் முகமும்தான் முதலில் புரிகிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

தூரத்தில் இருக்கும் நாயைத் திருப்ப, கழுத்துப் பட்டையில் போன் மாதிரி அதிரும் கருவி கிடைக்கிறது. அதிர்ந்தால் எசமானரைப் பார்க்க வேண்டும், பார்த்தால் தின்பண்டம் என்று மட்டும் பழக்க வேண்டும். ஷாக் அடிக்கும் பெல்ட் என்று ஒன்றையும் பக்கத்திலேயே விற்பார்கள். வேண்டாம். ஏன் வலித்தது என்று தெரியாத நாய், அந்த நேரத்தில் எதிரில் இருந்த பிள்ளைமேல் சந்தேகப்படும். இரவில் தோட்டத்து விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போட்டால் உள்ளே வா என்று பழக்கலாம். கரண்ட் போனால் மட்டும் இந்த நாய்க்கு இரட்டை நட்டம், இருட்டில் சைகையும் கிடையாது. படுக்கைக்கு அருகில் ஒரு எமர்ஜென்சி லைட் இருக்கட்டும்.

கயிறு இல்லாமல் வெளியே விடவே கூடாது. இதில் சலுகை கிடையாது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் கேரளத்துக்கு லாரி ஓடும். ஹாரன் அடித்தால் நாய் விலகும் என்ற நம்பிக்கையில்தான் ஓட்டுநர் வருவார். செண்பகத்தோப்புப் பக்கமும் அய்யனார் கோயில் பக்கமும் மலையடியில் அவிழ்த்துவிடும் ஆசையும் வரும். அங்கே சிறுத்தை உண்டு, காட்டுக்குள் நாயைக் கொண்டுபோவது சட்டப்படியும் தவறு, நாய்க் காய்ச்சல் காட்டு விலங்குக்கும் தொற்றும். வேட்டை ரத்தம் ஓடுகிற நாய் முயலைக் கண்டு பாய்ந்துவிட்டால் திருப்பி அழைக்க நம்மிடம் எதுவும் இல்லை. வேலி போட்ட தோப்புக்குள் நீளக் கயிறு கட்டி ஓடவிடலாம். கழுத்துத் தகட்டில் போன் நம்பரோடு ‘காது கேட்காது’ என்று பொறித்திருக்க வேண்டும். கேட்டிலும் ஒரு பலகை: காது கேட்காத நாய், தொட்டு எழுப்பாதீர்கள். பால்காரருக்கும் சிலிண்டர் போடுகிறவருக்கும் அது நாம் செய்யும் மரியாதை.

சாப்பாட்டில் தனியாக எதுவும் இல்லை, மற்ற நாய்க்கு என்ன உண்டோ அதுவே. தடுப்பூசியும் அப்படியே. தோல்தான் கவனம் கேட்கும். வெள்ளை முடிக்கு அடியில் நிறமில்லாத தோல். ரோஜா மூக்கும் மெல்லிய காது மடலும் சித்திரை வெயிலில் பொசுங்கும், வருடக்கணக்கில் பொசுங்கினால் புற்றாகவும் கூடும். உச்சி வெயிலில் நிழலில் கட்ட வேண்டும். சொறியும் உண்ணியும் இந்த இனத்தில் அடிக்கடி வரும். ஒற்றைக் காது நாய் என்று தெரிந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் மிச்சமிருக்கும் காதையும் கெடுக்கக்கூடியவை.

ஒரே ஒரு விஷயத்தில் கேளாத நாய்க்குக் கொடுத்துவைத்திருக்கிறது. சிவகாசி பக்கத்தில் இருக்கும் ஊர்களில் தீபாவளிக்கு வெடி கொஞ்சமாக வெடிக்காது. அன்றைக்குக் கேட்கிற நாய்கள் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும், சில சுவரேறிக் குதித்துத் தொலைந்தே போகும். இது வாசலில் மல்லாந்து தூங்கும்.

காவலுக்கு ஆகுமா என்றால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விழித்திருக்கும்போது அது பார்க்கும், மோப்பம் பிடிக்கும், குரைக்கவும் செய்யும். தூங்கும்போது ஆள் வந்தால் தெரியாது. தனித்தோப்பில் இரவுக் காவலுக்கு அதை நம்பி விடுவது தோப்புக்கும் நல்லதல்ல, நாய்க்கும் நல்லதல்ல. செவிட்டு நாய் எப்படியும் வெறிநாய் ஆகிவிடும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் கேளாத, பார்வையற்ற நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், குறையுள்ள நாய்களிடம் முரட்டுத்தனம் கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது. அதே அமெரிக்காவில் டால்மேஷன் சங்கம், இரண்டு காதும் கேளாத குட்டிகளைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டும் என்று வெகுகாலம் வழிகாட்டி வந்தது. நம் பக்கத்தில் யாரும் வழிகாட்டவில்லை. சத்தமில்லாமல் நடந்தது, சத்தமில்லாமல் வெளியூருக்குக் கைமாறியது.

வளர்க்கச் சொல்கிற நானே இணைசேர்க்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். கேளாத நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதுதான் முறை. அதோடு சிக்கல் தீராது. இந்தச் செவிடு ஒற்றை மரபணுவால் நேராக இறங்குவதல்ல. இரண்டு காதும் கேட்கிற பெற்றோருக்கும் செவிட்டுக் குட்டி பிறக்கும். ஒற்றைக் காது நாயை இணைசேர்த்தால் வாய்ப்பு கூடும். பிறக்கும்போதே நிறத்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளில் செவிடு குறைவு என்று தெரிந்திருக்கிறது. நிறமணுக்கள் நன்றாகப் பரவியதன் அடையாளம் அது. ராஜபாளையத்தில் கழிக்கப்பட்டதும் அந்தத் திட்டுக் குட்டிதான். நன்றாகக் கேட்கக்கூடிய குட்டியைக் குறை என்று ஒதுக்கி, குறையோடு வரக்கூடியதை உயர்ந்த சாதி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்தில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கி, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி இனங்களைக் காக்க முயன்றது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் என்பது காதுக் கணக்கோடும் பொருந்திவருகிறது: அதற்குள் கெட்டதும் கெடாததும் தெரிந்துவிடும், குட்டியும் கடி அளவைத் தாயிடமும் கூட்டத்திடமும் கற்றிருக்கும். ஆனால் நடப்பில் முப்பது நாள் குட்டிக்கே அட்வான்ஸ் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஐந்து வாரத்துக்கு முன் விற்றால் விற்றவருக்குத் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இருவருக்கும் அது வசதியாகவும் இருக்கிறது.

ஆகவே குட்டி பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமோ ராஜபாளையம் பக்கமோ போகிறவர், தாயையும் முழு ஈற்றையும் காட்டச் சொல்லலாம். எட்டு வாரம் ஆனதும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைக்கலாம். போகும்போது பையில் ஒரு சாவிக்கொத்து இருக்கட்டும். குட்டியைத் தனியாகத் தூங்கவைத்துச் சோதிக்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று பார்த்தாலே அவரைப் பற்றித் தெரிந்துவிடும். கேளாத குட்டி என்று வாய்விட்டுச் சொல்லி, பணம் வாங்காமல் ஒப்படைக்கிற வளர்ப்பவர் கிடைத்தால் அவரிடம் இன்னொரு குட்டிக்கும் நம்பிப் போகலாம். அந்த ஈற்றில் மூக்கில் கரும்புள்ளியோ காதில் பழுப்புத் திட்டோ உள்ள குட்டி இருந்தால், பேரம் பேசாமல் வெள்ளைக்குக் கொடுக்கும் விலையையே அதற்கும் கொடுங்கள்.